ஈர அங்கி

போன வாரம் கண்ணாடியம்மாவைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் அழவிட்டு வந்தோம். இந்த வாரமும் அங்கேதான் இருக்கிறாள். ஒரே வித்தியாசம், இப்போது உள்ளே அவளோடு கணவனும் மகளும் ஒரு பக்கெட் தண்ணீரும் இருக்கிறார்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. துணிக்கடையில் ட்ரையல் ரூமைப் பார்த்துக்கொள்கிறவள் இவள். மூன்று பக்கமும் கண்ணாடி, நடுவில் இவள் என்பதால் கடைப் பெண்கள் வைத்த பெயர் கண்ணாடியம்மா. உள்ளே போய்விட்டு முகம் வாடி வெளியே வருகிறவர்களிடம், "உங்களுக்கு இது எடுப்பா இருக்கு மேடம், தோள்ல மட்டும் கொஞ்சம் பிடிச்சா போதும்" என்று தேற்றி அனுப்புவாள். தன்னைக் கண்ணாடியில் பார்த்து அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்பது யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இடது மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். கட்டி. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால் ஆபரேஷன், அப்புறம் தினம் ஒரு மாத்திரை என்ற அளவில் முடிந்தது. இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னபோது கணவர் அழுதார். இவள் அழவில்லை. வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்று மட்டும் சொன்னாள். உறவுக்காரர்களுக்கெல்லாம் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லப்பட்டது.

இன்றைக்கு அவளுக்கு ஞானஸ்நானம். சபையில் தொட்டிக்குள் இறக்கி, தலை முழுக அமிழ்த்தி எடுப்பார்கள். போட்டுக்கொள்ள வேண்டியது வெள்ளை அங்கி. வெள்ளைத் துணி நனைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், கண்ணாடியம்மாவுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

"இது தண்ணி குடிக்குதுப்பா," என்றாள் மகள். குளிக்கப் போனால் லேசில் வெளியே வராத பெண். அதனால் வீட்டில் செல்லப்பெயர் மின்னல்.

அப்பா பக்கெட்டுக்குள் கையை விட்டு ஸ்பாஞ்சைத் தூக்கினார். கார், பஸ் சீட்டுகளுக்குக் குஷன் தைக்கிறவர் அவர். மனைவி தினமும் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்கிற ஸ்பாஞ்ச் அவர் வெட்டியதுதான். சீட்டுக்குப் போடும் ஷீட்டில் வெட்டி, ஓரம் சீவி, மெல்லிய துணி சுற்றித் தைத்திருந்தார். சிலிகானில் செய்தது கிடைக்கும், அளவெடுக்க வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊரில் உள்ளவர்கள் அளவையெல்லாம் பார்த்தவளுக்குத் தன் அளவை இன்னொருத்தி பார்ப்பது பொறுக்கவில்லை. போகவே இல்லை.

தூக்கிய ஸ்பாஞ்சிலிருந்து குழாயைத் திறந்துவிட்ட மாதிரி தண்ணீர் கொட்டியது.

"சரி, இதைப் பாப்போம்." குஷன்காரர் இன்னொன்றை எடுத்தார். தண்ணீர் உறிஞ்சாத ரகம். செருப்புக்கு அடியில் போடுவார்களே, அந்த மாதிரி கெட்டி ஷீட். மூன்று நாளாகப் பட்டறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அதைச் சீவிக்கொண்டிருந்தார்.

பக்கெட்டில் போட்டார். அது குதித்து மேலே வந்து மிதந்தது. விரலால் அடி வரை அமுக்கினார். விரலை எடுத்ததும் மறுபடி குதித்தது.

"அம்மா, பாஸ்டர் உன்னை உள்ள அமுக்குவார். இது உன்னை வெளிய தூக்கும். யார் ஜெயிக்கறாங்கன்னு சபையே எழுந்து நின்னு பாக்கும்."

குஷன்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பக்கெட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"உள்பனியனோட சேத்துத் தைச்சுடறேன். நகராது," என்றார் அவர் அவசரமாக.

"பனியனே மேல ஏறிடும்ங்க. தண்ணிக்குள்ள துணி எங்க சொன்ன பேச்சு கேக்கும்?"

"அப்ப விட்டுடும்மா. அடுத்த தடவை பாத்துக்கலாம். ஆண்டவர் எங்க ஓடியா போறார்?"

அடுத்த தடவை என்று ஏற்கெனவே இரண்டு தடவை ஆகிவிட்டது. முதல் தடவை காய்ச்சல் என்றாள். காய்ச்சல் இல்லை. அப்புறம் கடையில் லீவு தரவில்லை என்றாள். கேட்கவே இல்லை. இன்றைக்கும் பின்வாங்கினால் இனி இந்தப் பேச்சை எடுக்கவே தனக்குத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று குஷன்காரர் கேட்டதுண்டு. அவளால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எங்கே போனாலும் தன்னில் பாதிதான் போகிறது என்ற எண்ணம் அவளுக்கு. கடையில் அப்படித்தான், பஸ்ஸில் அப்படித்தான், படுக்கையிலும் அப்படித்தான். சபையில் கடைசி பெஞ்சில் கண்ணை மூடி உட்காரும்போது மட்டும் யாரோ தன்னை முழுசாகப் பார்க்கிறார் என்று தோன்றும். பார்க்கிறவர் முகம் சுளிக்கவில்லை என்றும் தோன்றும். நான் அவருக்குச் சொந்தம் என்று எல்லார் முன்னாலும் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

ஆசைக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. அந்தக் காலத்தில் பலிக்குக் கொண்டுபோகிற ஆடு ஊனமில்லாமல் இருக்க வேண்டும் என்று ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் காதில் விழுந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. "ஐயா, குறையோட வந்தா ஏத்துக்குவாரா?" என்று பாஸ்டரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர். ஏதோ செய்த தப்பை நினைத்துக் கேட்கிறாள் என்று எண்ணி, "குறையில்லாதவங்க யாரும்மா? மனசு விட்டு அறிக்கை செய், போதும்" என்று அனுப்பிவிட்டார். எதை அறிக்கை செய்வது? டாக்டர் வெட்டி எடுத்ததையா?

போன் அடித்தது. மின்னல் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள். "இன்ஸ்பெக்டர்."

குஷன்காரரின் அக்காவை வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள், அவர் இல்லாதபோது. வீட்டுக்கு வந்தால் முதலில் பிரிட்ஜைத் திறந்து பார்ப்பார், அப்புறம்தான் சௌக்கியமா என்று கேட்பார். சபையில் பெண்கள் பக்கத்துக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

"கெளம்பிட்டியா?" போனில் அவர் குரல் குளியலறை முழுக்கக் கேட்டது. "இன்னிக்குப் பொம்பளைங்க ரூம்ல நான்தான். உனக்கு நானே அங்கி மாட்டி விடறேன். தண்ணியிலேர்ந்து வந்ததும் துவட்டி, உடுப்பு மாத்தி விடறதும் நான்தான்."

"உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்?"

"என்ன சிரமம்? என் தம்பி பொண்டாட்டிக்கு நான் செய்யாம வேற யார் செய்வா? சீக்கிரம் வந்து சேரு."

அண்ணி கெட்டவர் இல்லை. அவர் காதுக்குப் போன வியாதி எதுவும் அவரோடு நிற்காது, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்து, "நம்ம சகோதரியோட கர்ப்பப்பைக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுவோம்" என்று பெயரையும் சொல்லிவிட்டார். அந்தச் சகோதரி அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. தன் மார்பும் மைக்கில் ஏறி ஜெபக் குறிப்பாகிவிடக் கூடாது என்ற பயத்தில்தான் கண்ணாடியம்மா ஹெர்னியாவைக் கண்டுபிடித்தாள்.

"பேசாம அக்காகிட்ட சொல்லிடலாமா?" என்றார் குஷன்காரர்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" பழைய ஸ்பாஞ்சை எடுத்துப் பிழிந்தாள். "இதையே வெச்சுக்கறேன். அமிழ்த்தும்போது கையை மார்புமேல குறுக்கே வெச்சுக்கச் சொல்லுவாங்க. மேல ஏறும்போதும் கையை எடுக்காம வந்துடறேன். அண்ணிகிட்ட துண்டை வாங்கிப் போத்திகிட்டு நேரா டாய்லெட்டுக்குள்ள போயிடறேன்."

"படி வழுக்கும்மா. கைப்பிடியைப் பிடிக்காம ஏற முடியாது."

"விழுந்தா விழறேன்," என்றாள் அவள்.

சபை கூடுகிற இடம் ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்தது. மேடையில் பலகைகளை எடுத்தால் அடியில் தொட்டி. ஒரு பக்கம் இறங்கப் படி, மறுபக்கம் ஏறப் படி, இரண்டிலும் ஸ்டீல் கைப்பிடி. பக்கத்தில் நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கும் சின்ன அறைதான் பெண்கள் உடை மாற்றும் இடம்.

அண்ணி வாயில் ஊக்கைக் கடித்தபடி நின்றிருந்தார். "கையைத் தூக்கு."

கண்ணாடியம்மா வலது கையைத் தூக்கினாள்.

"அந்தக் கையையும்."

இடது கை பாதி உயரம் போய் நின்றது. ஆபரேஷன் செய்த பக்கம் தோல் இன்னும் இழுத்துப் பிடிக்கும்.

"ஹெர்னியா ஆபரேஷன் பண்ணவளுக்குக் கை எதுக்கு இப்படி நிக்குது?"

"தோள்ல பிடிப்பு அண்ணி."

"உள்ள எதுக்கு இத்தனை துணி? ஊறினா கனக்கும்."

"குளிருமேன்னு..."

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தார். வழக்கமாக இதற்கு மேல் நாலு கேள்வி வரும். இன்றைக்கு எதுவும் கேட்காமல் ஊக்கைக் குத்திவிட்டுத் துண்டுகளை மடிக்கப் போனார். கண்ணாடியம்மா அங்கியின் கழுத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

முதலில் இறங்கியவர் ஒரு லாரி டிரைவர், வாட்டசாட்டமான ஆள். பாஸ்டர் அவரைச் சாய்த்ததும் தொட்டித் தண்ணீர் பொங்கி முன் வரிசையின் காலை நனைத்தது. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தது நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண். அவள் சந்தோஷமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறி வந்தபோது, ஈர அங்கி தோள் எலும்பு வரை ஒட்டிக்கொண்டிருந்தது. உடம்பு இருக்கிறபடியே தெரிந்தது. பார்த்தவர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, கண்ணாடியம்மாவைத் தவிர.

"டாய்லெட் போய்ட்டு வந்துடறேன்," என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு ஓடினாள்.

தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். ஜன்னல் வழியாகப் பின்பக்கக் கேட் தெரிந்தது. திறந்துதான் இருந்தது. இந்த அங்கியோடு, செருப்பில்லாமல், இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். வயிற்று வலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

"ஆண்டவரே, என்னால முடியல. நான் போயிடட்டுமா?"

வெளியே பாட்டுச் சத்தம் கேட்டது. ஸ்பாஞ்ச் ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. அதைச் சரி செய்ய அங்கியின் ஊக்கைக் கழற்றிப் பனியனை ஒதுக்கினாள். கை கழுவும் இடத்துக்கு மேலே கையகலக் கண்ணாடி ஒன்று இருந்ததை அவள் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது பார்த்துவிட்டாள்.

பார்த்த பிறகு கண்ணை எடுக்கவும் முடியவில்லை. மார்பு இருந்த இடம் தட்டையாக இருந்தது. தழும்பு நடுவில் தொடங்கிச் சாய்வாக விலா வரை போயிற்று. அவள் நினைத்துக்கொண்டிருந்த அளவுக்குக் கோரமாக இல்லை. யாரோ பொறுமையாகத் தைத்திருந்தார்கள்.

விலா. அப்போது அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்த சங்கதிதான். உயிர்த்தெழுந்தவர், சீடர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்த அறைக்குள் வந்து நின்றார். சாவையே ஜெயித்து வந்தவருக்கு ஒரு தழும்பை இல்லாமல் செய்துகொள்வது பெரிய வேலையா? ஆனால் சிலுவையில் ஆணியும் ஈட்டியும் விட்ட தழும்புகளோடுதான் வந்தார். கையைக் காட்டினார், விலாவைக் காட்டினார், சந்தேகப்பட்டவனைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தழும்போடு இருந்த அந்த உடம்பில் எந்தக் குறையும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

"உங்களுக்கும் இருக்குல்ல?" என்றாள் அவள், வாய் விட்டே.

கதவு தட்டப்பட்டது. "அம்மா, அடுத்தது நீதான். பாஸ்டர் தண்ணியில நின்னுகிட்டு இருக்கார்," என்றது மின்னலின் குரல்.

கண்ணாடியம்மா ஸ்பாஞ்சை வெளியே எடுத்தாள். அங்கியைச் சரியாகப் போட்டு ஊக்கை மாட்டிக்கொண்டு, கதவை ஒருக்களித்துக் கையை நீட்டினாள். "இதைப் பையில போடு."

கையில் வந்த ஸ்பாஞ்சைப் பார்த்து மின்னல் பதறினாள். "அம்மா! எல்லாரும் இருக்காங்க. அத்தை அங்கயே நிக்கறாங்க."

"நிக்கட்டும். போடுடி."

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. கூடத்தைக் கடந்து தொட்டிக்குப் போகும்போது சுவர் ஓரமாகவே நடந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த குஷன்காரர் அவளைப் பார்த்ததும், தான் வெட்டிக் கொடுத்தது அங்கே இல்லை என்று புரிந்துகொண்டார். பாதி எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முன்னால்கூட அவள் உடை மாற்றியதில்லை.

தண்ணீர் இடுப்பு வரை ஏறியது. நல்ல குளிர். பாஸ்டர் முறையாகக் கேட்க வேண்டியதைக் கேட்டார். கிறிஸ்துவை உன் இரட்சகராக ஏற்றுக்கொள்கிறாயா?

"ஏத்துக்கறேன்," என்றாள். அவரும் என்னை ஏற்றுக்கொண்டார் என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டாள்.

குறுக்கே வைத்த கைகளோடு பின்னால் சாய்ந்தாள். தண்ணீர் முகத்தை மூடியது. ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை. பாஸ்டரின் கை முதுகைத் தாங்கித் தூக்கியபோது மூச்சை இழுத்தாள். ஒரு வருஷமாக அப்படி மூச்சு விட்டதில்லை. பாதியை எங்கேயோ விட்டுவிட்டு வந்தோம் என்ற அந்த எண்ணம் அப்போது அவளிடம் இல்லை. இங்கே நனைந்து நிற்பது முழுசாக நான்தான் என்று தோன்றியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பிறகு படி. முதல் படியிலேயே கால் வழுக்கியது. கைகளை மார்பிலிருந்து எடுத்தாள். இரண்டு பக்கமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து ஏறினாள். வெள்ளைத் துணி ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் ஒட்டியிருந்தது. கூடத்தில் கைதட்டினார்கள். குஷன்காரர் கையைத் தட்டவும் மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல்படியில் அண்ணி துண்டை விரித்துப் பிடித்திருந்தார். அவர் கண் அவள் முகத்திலிருந்து கீழே இறங்கியது. துண்டு அந்தரத்திலேயே நின்றது.

அடுத்த நொடி அவளை இறுக்கிப் போர்த்தி, தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக அறைக்குள் கொண்டுபோய்த் தாழ்ப்பாளைப் போட்டார்.

"எப்ப?"

"போன வருஷம்."

"அப்ப ஹெர்னியா?"

"பொய் அண்ணி. உங்ககிட்ட சொன்னா மைக்குல சொல்லிடுவீங்கன்னு பயந்தேன்."

இனி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்து நின்றாள். திட்டு வரவில்லை. அண்ணி மெதுவாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் இருந்த அதிகாரமெல்லாம் வடிந்து, யாரோ ஒருத்தி மாதிரி இருந்தார். கண்ணாடியம்மாவின் ஈரக் கையைப் பிடித்து இழுத்து, தன் வலது அக்குளுக்குக் கீழே, மார்பின் ஓரமாக வைத்து அழுத்தினார்.

விரலுக்குப் புரிந்துவிட்டது. கெட்டியாக இருந்தது. அழுத்தினால் நகரவில்லை.

"எப்பலேர்ந்து அண்ணி?"

"ஆறேழு மாசமா. வலி இல்ல. வலி இல்லாததால ஒண்ணுமில்லன்னு இருந்தேன். இப்ப பெருசாயிட்டு வருது."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்டடி சொல்றது? ஊர்ல இருக்கறவங்க வியாதிக்கெல்லாம் மைக்கைப் புடிச்சவ நான். எனக்குன்னு வந்தப்ப வாய் வரல." அண்ணியின் குரல் தேய்ந்தது. "நம்ம வீட்ல ஒருத்திக்காவது வந்திருந்தா, போய்க் கேட்டிருப்பேன். நம்ம வீட்ல யாருமே இல்லையேன்னு..."

ஒருத்தி இருந்தாள். ஹெர்னியா என்று சொல்லிக்கொண்டு, கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள். தொட்டித் தண்ணீரில் குளிராத குளிர் இப்போது கண்ணாடியம்மாவுக்குக் குளிர்ந்தது.

"நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது," என்றார் அண்ணி. "முக்கியமா என் தம்பிகிட்ட. அவன் தாங்க மாட்டான். சொல்ல மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடு."

வெளியே கதவு தட்டப்பட்டது. குஷன்காரர்.

"என்னம்மா, எல்லாம் சரிதானே?"

அண்ணி அவள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. இந்தக் கெஞ்சலைக் கண்ணாடியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷத்துக்கு முன்னால் இப்போது கதவைத் தட்டுகிறவரிடம் இதே கெஞ்சலைத்தான் அவளும் கெஞ்சினாள்.

"நானும் ஒரு வருஷம் ஒளிஞ்சே இருந்து பாத்துட்டேன் அண்ணி," என்றாள் தாழ்ந்த குரலில். "உள்ள ரொம்ப இருட்டா இருந்துச்சு. உங்களை அங்க தனியா விட மாட்டேன்."

பிறகு கதவுப் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தினாள்.

"சரியில்லைங்க. அங்கயே நில்லுங்க. நானும் அண்ணியும் வர்றோம்."

தாழ்ப்பாளில் கை வைத்தாள். மற்றொரு கை அண்ணியின் பிடியில் இருந்தது. அண்ணி இன்னும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.